என் கையால் ஆன போணி

மன்னிப்பு என்பது பெரிய மனதுக்காரர்களின் சமாச்சாரம். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. இருந்திருந்தாலும் என் மூத்தார் விஷயத்தில் அதைச் செலவழித்திருக்க மாட்டேன். மூத்தார் என்றால் எங்கள் பக்கத்தில் கணவனின் அண்ணன். வில்லியனூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பதிப்பகம் இருக்கிறது, அதை இன்று நடத்துவது நான். எப்படி இது என் கைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் மூத்தார், "டிஜிட்டல் காலத்துக்கு ஏத்தாப்புல தலைமைய மாத்திக்கினோம்" என்கிறார். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். நடந்தது அதுவல்ல. நடந்ததை அவர் ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பதிப்பகம் என்றதும் பெரிய இலக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமனார் மளிகைக் கடைக்காரர். பொட்டலம் கட்ட வாங்கிய பழைய புத்தகங்களைக் கிழிக்காமல் விற்றால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கண்டுகொண்டு புத்தக வியாபாரத்துக்குள் வந்தவர். கோலப் புத்தகம், குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் புத்தகம், ஊறுகாய் போடும் முறைகள், பத்தாம் வகுப்பு வினா விடை. பேருந்து நிலையக் கடைகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் இவை நன்றாகவே ஓடின. மளிகைக் கடையின் பழக்கங்கள் எல்லாம் புத்தகக் கடைக்கும் அப்படியே வந்துவிட்டன. அவற்றில் முக்கியமானது போணி.

அச்சகத்திலிருந்து புதுப் புத்தகம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். முதல் கட்டைப் பிரித்து, மேலே இருக்கும் பிரதியை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைப்பார்கள். அதைக் காசு கொடுத்து வாங்க பாகூரிலிருந்து நெல் மண்டிக்காரர் வருவார். கரும்பும் நெல்லுமாக ஏகப்பட்ட நிலம் வைத்திருந்த பெரியவர். அவர் கைராசிக்காரர் என்பது மாமனார் காலத்து முடிவு. அவர் நோட்டை நீட்டி, மாமனார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு விற்பனை. அதற்கு முன்னால் வாசலில் நின்று கெஞ்சினாலும் ஒரு பிரதி கிடைக்காது. அந்தக் கைராசியில் எத்தனையோ புத்தகங்கள் படுத்துவிட்டன. அதற்கெல்லாம் நேரம் சரியில்லை என்பார்கள், கை சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

என் கணவர் அந்த வீட்டில் தப்பிப் பிறந்தவர். ஊறுகாய்ப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலமானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சோரியாங்குப்பத்தில் வரப்புத் தகராறு, ஏம்பலத்தில் நின்றுபோன கல்யாணம், கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒருத்தி மேஸ்திரியைத் துரத்தித் துரத்தி அடித்த கதை என்று கேட்டுக்கொண்டு வந்து எழுதுவார். அந்த ஜனங்கள் பேசுகிற மாதிரியே எழுதுவார். அண்ணனிடம் மன்றாடி அவற்றைப் புத்தகமாகப் போட்டார். ஒன்றும் விற்கவில்லை. "கரையான் தீனி" என்று மூத்தார் அவற்றுக்குப் பெயர் வைத்தார். நானும் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லுவார். என் கணவர் சிரித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என் கணவர் நெஞ்சுவலியில் போனபோது அவருடைய கடைசிப் புத்தகம் அச்சில் இருந்தது. காரியம் முடிந்த வாரம் கட்டுகள் வந்து இறங்கின. நான் கடையில்தான் இருந்தேன். யாரையும் கேட்கவில்லை, கயிற்றை நானே அறுத்தேன். மேலே இருந்த பிரதியை எடுத்தேன். மை வாசனை போகாத புத்தகம். அட்டையில் அவர் பெயர். பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்தேன். என் புருஷன் எழுதியதை முதலில் நான் வாங்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மூத்தார் உள்ளேயிருந்து வந்தார். கத்தியிருந்தால்கூட மறந்திருப்பேன். குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"உன் கையால போணி ஆவறது வாணாம்மா. நாலு பேரு பொழைக்கணும்."

என் கையிலிருந்த புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் கையில் கொடுக்கவில்லை, கல்லாப் பலகை மேல் வைத்துத் தள்ளினார். பக்கத்தில் நின்ற தன் மகனிடம், "இந்தக் கட்டத் தூக்கி உள்ள போடு. வேற கட்டு பிரி" என்றார். மீசை முளைத்து, கல்யாணமும் ஆன மகன் அவன். சொன்னபடியே தூக்கிக்கொண்டு போய் கோடவுனில் போட்டான். போணிக்காக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மண்டிக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாதவள், இப்போது புருஷனும் இல்லாதவள், அப்படிப்பட்டவள் கை பட்ட கட்டு. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளை ஒருநாள் இதே பலகைக்கு முன்னால் நிற்க வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அந்த எண்ணத்தை நான் விடவே இல்லை.

பங்கைப் பிரித்துக்கொண்டு வந்துவிடு என்றார்கள் என் பிறந்த வீட்டில். கணவரின் பாதி என் பெயருக்கு வந்திருந்தது. பிரித்துக்கொண்டு போயிருந்தால் மூத்தார் நிம்மதியாக இருந்திருப்பார். அவருக்கு நிம்மதி கொடுக்க எனக்கு மனதில்லை. பின்கட்டு அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து தட்டச்சு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு எல்லாம் செய்தேன். முன்பக்கம் கடைக்கு நல்ல நாளில் வரக்கூடாது என்பது சொல்லாமலே ஏற்பட்ட சட்டம். புதுக் கட்டு வரும் நாளில் என் ஓரகத்தியே, அதாவது மூத்தாரின் மனைவி, பின்கட்டுக் கதவை லேசாகச் சாத்திவிட்டுப் போவாள்.

பிறகு செல்போன் வந்து எல்லோர் வீட்டிலும் உட்கார்ந்தது. கோலத்தை வீடியோ பார்த்துப் போட்டார்கள். ஊறுகாயை வீடியோ பார்த்துப் போட்டார்கள். பிள்ளைக்குப் பெயரைக்கூட அதனிடம் கேட்டார்கள். பேருந்து நிலையக் கடைகள் எங்கள் புத்தகங்களைத் திருப்பி அனுப்பின. கோடவுன் நிரம்பியது. மூத்தாருக்கு ராத்தூக்கம் போனது. உண்மையைச் சொன்னால் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் சோறும் அதில்தான் இருக்கிறது என்பது தெரிந்தும்.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் பதிப்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. டிஜிட்டல் புரட்சியும் தலைமைப் பண்பும் என்று பெயர். மூத்தார் போய்விட்டு வந்தார். கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையைக் கழற்றவே இல்லை. கோயிலுக்கும் அதோடுதான் போனார். மறுவாரம் ஒரு சுழல் நாற்காலி வந்து இறங்கியது. காலையில் எல்லோரும் நின்றுகொண்டே கூட்டம் போட வேண்டும் என்றார். நின்றால் சீக்கிரம் முடியுமாம், வெளிநாட்டில் அப்படித்தானாம். அவர் மட்டும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். இன்று என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

"இன்னா செய்யப் போறன்? நேத்து சொன்னதேதான். திரும்பி வந்த கட்ட அடுக்கப் போறன்" என்பார் கடையில் கட்டு கட்டுகிறவர்.

"அப்டி சொல்லக்கூடாதுப்பா. விஷனோட சொல்லணும்."

"விஷனோட அடுக்கறன்."

மின்னஞ்சல்களை எல்லாம் அச்செடுத்துத் தரச் சொல்லுவார். பதிலைப் பேனாவால் ஓரத்தில் எழுதித் தருவார், நான் அதை அடித்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஆப் ஒன்று போடுவது என்று முடிவெடுத்தார். சென்னையில் ஒரு கம்பெனிக்காரரைப் பிடித்தார். அந்த ஆள் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அந்த ஆளுக்குப் புரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "நீ டெக்னிக்கல பாத்துக்கம்மா. தலைமைய நான் பாத்துக்கறன்" என்றார் மூத்தார்.

ஆப்பில் எதைப் போடுவது? கோலப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பார்த்தோம். செல்போன் திரையில் எறும்புச் சாரை மாதிரி இருந்தது. அப்போதுதான் நான் சொன்னேன், கதைகளை வாசித்துப் பதிவுசெய்து போடலாம், காதால் கேட்கட்டும் என்று.

"எந்தக் கதைம்மா? அந்தக் கரையான் தீனியா?"

"ஆமாம் மாமா."

"இத்தினி நாளு கண்ணால படிக்காதத காதால கேப்பானா?" என்று மூத்தார் சிரித்தார். ஆனாலும் புதிதாக எதையும் வாங்கிப்போட வேண்டியதில்லை என்பதால் சரி என்றுவிட்டார். அவர் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டேன்.

பதிவுசெய்ய எங்கள் கோடவுனைவிட நல்ல இடம் வில்லியனூரில் இல்லை. நான்கு பக்கமும் விற்காத புத்தகம் கூரைவரை. தெருவில் தேர் போனாலும் உள்ளே கேட்காது. மூலையில் அந்தக் கட்டு கிடந்தது, நான் அறுத்த கயிறு தொங்கியபடி. அதன் மேல்தான் மைக்கை வைத்தேன். கணவர் எழுதியபடியே, பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் பேசுகிறபடியே வாசித்தேன். மேஸ்திரியை அடித்தவளின் கதையை வாசிக்கும்போது எனக்கு யார் முகம் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று கம்பெனிக்காரர் சொன்னார்.

திறப்பு நாள் வந்தது. ஆப்புக்கும் போணி உண்டு என்று மூத்தார் அறிவித்தார். நல்ல நேரத்தில் பாகூர் மண்டிக்காரர் வந்து முதல் புத்தகம் வாங்குவார், அதுவரைக்கும் ஒருவரும் எதுவும் வாங்க முடியாதபடி ஆப்பைப் பூட்டிவைக்க வேண்டும் என்றார். நான் அதைக் கம்பெனிக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டார்:

"மேடம், கடையைத் திறந்துட்டு கஸ்டமரை உள்ள விடாம இருக்கறதா?"

"ஆமாங்க. எங்க வழக்கம்."

"சரி மேடம். ஆனா முந்தின நாளே ஒரு தடவை நிஜமா காசு கட்டி வாங்கிப் பாத்துடணும். பணம் சரியா வருதான்னு."

"அப்படி வாங்கினா அதுதான் முதல் விற்பனையா இருக்குமா?"

"ஆமா. வேணும்னா அப்புறம் அழிச்சிடறேன்."

"வேணாம். இருக்கட்டும்" என்றேன்.

முந்தின நாள் மத்தியானம். மூத்தார் சாப்பிட்டுவிட்டு மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் பின்கட்டு அறையில் உட்கார்ந்து என் செல்போனில் ஆப்பைத் திறந்தேன். கணவரின் கடைசிப் புத்தகத்தைத் தொட்டேன். என் பெயர், என் பணம், என் கை. நன்றி என்று திரையில் வந்தது. அந்த வீட்டில் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது. சோதனைக்காக வாங்கினேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். போணி பண்ணத்தான் வாங்கினேன்.

மறுநாள் நல்ல நேரம் வந்தது, மண்டிக்காரர் வரவில்லை. பாகூர் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்க வந்தவர்கள் எல்லாம் போன் மேல் போன் போட்டார்கள். ஏங்க வாங்க முடியல, ஏங்க பூட்டிக் கெடக்குது என்று. "பெரியவரு வந்துக்கினே இருக்காரு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று மூத்தார் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். எந்தப் பெரியவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் அலுத்துப்போய்விட்டார்கள்.

ஒருவழியாக மண்டிக்காரர் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். அவரிடம் இருந்தது பட்டன் போன். மூத்தார் தன் போனை நீட்டினார். பெரியவர் கட்டை விரலால் அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. நோட்டு எண்ணுகிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினார்.

"இன்னாப்பா இது, கல்லு மாரி இருக்குது."

"மெல்லத் தொடுங்க. கொழந்தை கன்னத்தத் தொடற மாரி."

எப்படியோ ஒரு கோலப் புத்தகம் விற்பனையானது. அதற்குப் பிறகும் பெரியவர் மடியிலிருந்து நோட்டை எடுத்து மூத்தாரின் கையில் கொடுத்தார், கையில் காசு மாறாவிட்டால் அது போணியே இல்லையாம். மூத்தார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின்கட்டுக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  ஓரகத்தி கதவைச் சாத்த வந்தாள், நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

கோலம் ஓடவில்லை, ஊறுகாய் ஓடவில்லை. கதைகள் ஓடின. முதலில் வேலைக்குக் கம்பெனி வேனில் போகும் பெண்கள் கேட்டார்கள். பிறகு ஏம்பலத்தில் களையெடுக்கிறவர்கள் வரப்பில் போனை வைத்துவிட்டுக் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு இவ்வளவு நன்றாக இருக்குமா என்று யார் யாரோ எழுதினார்கள். ஒருநாள் கடலூர் ரோட்டில் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு இருக்கைக்கு முன்னால் ஒரு பெண் போனைச் சத்தமாக வைத்திருந்தாள். என் குரல். மேஸ்திரி ஓடுகிற இடம். அவள் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் கணவர் ஒரு வாக்கியத்துக்காக மூன்று நாள் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியம் வந்தபோது பேருந்தே கொல்லென்று சிரித்தது. நான் கிருமாம்பாக்கத்தில் இறங்க வேண்டியவள், இறங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடலூர்வரை போய்த் திரும்பி வந்தேன்.

இந்தப் பெருமை எல்லாம் யாருக்குப் போயிற்று? மண்டிக்காரரின் கைக்கு. "பெரியவரு தொட்டாரு, பாருங்க" என்று மூத்தார் ஊரெல்லாம் சொன்னார். மிச்சப் பெருமையைத் தன் தலைமைக்கு எடுத்துக்கொண்டார். அதே ஓட்டலில் அதே பதிப்பாளர் கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். போன தடவை பாடம் கேட்கப் போனவர் இந்தத் தடவை பாடம் நடத்தப் போனார். குடும்பமே போனது. மண்டிக்காரர் முன் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசை. சென்னைக் கம்பெனிக்காரர் திரையில் படம் காட்டுவதற்காக வந்திருந்தார்.

மூத்தார் நன்றாகத்தான் பேசினார். காலம் மாறும்போது முதலாளி மாற வேண்டும், கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், பழைய நம்பிக்கைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்றார். பெரிய பெரிய பதிப்பாளர்கள் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். அப்படியே கடைசியில், "ஆனா ஒண்ணு. எங்க பெரியவர் கைராசி இல்லன்னா இது நடந்திருக்காது" என்று முடித்தார். மண்டிக்காரர் எழுந்து கும்பிட்டார்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் பதிப்பாளர் எழுந்தார். கதைகளைக் குரலில் போடுவது யாருடைய யோசனை என்று கேட்டார். மூத்தார் கொஞ்சம் தடுமாறினார்.

"அது வந்து, டீம் யோசனை. எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு டெக்னிக்கலா பாத்துக்குது. நீ சொல்லும்மா."

மைக் என் கைக்கு வந்தது. இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது இதற்குத்தான். 

"மாமா சொன்னதுல ஒரே ஒரு திருத்தம்" என்றேன். "மொதல் போணி பெரியவர் பண்ணல. முந்தின நாள் மத்தியானம் நான் பண்ணேன். என் வீட்டுக்காரர் எழுதின புத்தகத்த நான்தான் வாங்கினேன். அவர் காரியம் முடிஞ்ச வாரம், இதே புத்தகத்த என் கையிலேருந்து மாமா புடுங்கி வெச்சாரு. உன் கையால போணி ஆனா நாலு பேரு பொழைக்க முடியாதுன்னு சொன்னாரு. அதே கைதான் இது. நாலு பேரும் நல்லாத்தான் பொழைக்கறீங்க."

கம்பெனிக்காரரிடம் முதல் விற்பனையைத் திரையில் காட்டச் சொன்னேன். காட்டினார். சுவர் அகலத்துக்கு என் பெயர், கீழே என் கணவரின் புத்தகம்.  முன் வரிசையில் மண்டிக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அப்ப நான் ரெண்டாவதாப்பா?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. மூத்தாரின் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். அவ்வளவு ஆசையாக வேறு எந்த முகத்தையும் பார்த்ததில்லை.

 மறுநாள் காலையில் மூத்தார் பின்கட்டுக்கு வந்தார். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஏமாந்தேன். வியாபாரிக்கு வியாபாரக் கணக்குதான் வரும்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சன்மா. உன் கை நல்ல கைதான் போல. இனிமே கல்லாவுல நீயே ஒக்காரு. அதான் கடைக்கு நல்லது."

 கோடவுனில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை வாசித்தது, என் வீட்டுக்காரர் எழுதியது, எதுவும் இந்த ஆளின் கண்ணுக்குத் தெரியவில்லை. கைராசியைப் பெரியவரின் கையிலிருந்து கழற்றி என் கையில் மாட்டிவிட்டார், அவ்வளவுதான். அவர் கண்ட டிஜிட்டல் புரட்சி அதுதான். இருந்தாலும் வந்ததை விடவில்லை. கல்லா மட்டும் போதாது, கையெழுத்து உரிமையும் வேண்டும், எதைப் பதிப்பிப்பது என்பதும் என் முடிவு, சுழல் நாற்காலியும் எனக்கு என்றேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காலையில் நின்றுகொண்டு போடும் கூட்டத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை. அவர் கொண்டுவந்த வழக்கம்தானே. அவரும் நின்று, இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். முட்டி வலிக்குது என்றார். சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள் மாமா என்றேன்.

ஊருக்குள் செய்தி பரவி, என்னைப் போணிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏம்பலத்தில் உரக்கடை, சோரியாங்குப்பத்தில் என்னைப் போலவே புருஷனை இழந்த ஒருத்தியின் இட்லிக் கடை. எனக்குக் கைராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன், ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அது மூத்தாருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவர் வந்தார்.

போன மாதம் அது. அவர் மகன் கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டில் செல்போன் கடை திறக்கிறான். அப்பனும் மகனும் தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்தார்கள். நான் கல்லாவில் இருந்தேன். அதே பலகை. நாற்காலி எடுத்துப் போடச் சொல்லவில்லை, நின்றார்கள்.

"நாளைக்குக் காலைல தொறக்கறோம்மா. நீ வந்து மொதல் போணி பண்ணாத்தான் மனசுக்கு நெறவா இருக்கும். இருக்கற காசெல்லாம் அதுலதான் போட்டிருக்கான்."

நான் மகனைப் பார்த்தேன். "உள்ள போயி அந்தக் கட்டத் தூக்கிக்கினு வா" என்றேன். எந்தக் கட்டு என்று அவன் கேட்கவில்லை. உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். போன மழையில் கோடவுனில் கரையான் ஏறிவிட்டது. மற்றதை எல்லாம் காப்பாற்றிவிட்டேன், இந்தக் கட்டில் மட்டும் கீழ்ப்பாதி போய்விட்டது. கரையான் தீனி என்றாரே, வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. மண் அவன் புதுச் சட்டையெல்லாம் உதிர்ந்தது.

கீழே இருந்து ஒரு பிரதியை உருவினேன். அட்டையில் பாதி இல்லை. கணவரின் பெயர் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

"இந்தக் கட்டுல இன்னும் ஒண்ணுகூட விக்கல மாமா. நீங்க போணி பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்தார். பலகை மேல் வைக்கப் போனார், நான் கையை நீட்டினேன். கையில் கொடுத்தார். அவர் விரல் சில்லென்று இருந்தது. உள்பக்கத்தில் போட்டிருந்த விலையை அப்படியே எடுத்துக்கொண்டேன், கழிவு எதுவும் தரவில்லை. கரையான் அரித்த புத்தகத்தை அவர் பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இமையில் மண் ஒட்டியது.

"அப்ப காலைல வண்டி அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு அவசரம் இல்லை. மீதிச் சில்லறையை எண்ணிப் பலகை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். பிறகு, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"என் கையால போணி ஆவறது வாணாம் மாமா. நாலு பேரு பொழைக்கணும்."